வெள்ளிக்கிழமை சத்தம் வராத கம்பியூட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக் கம்பியூட்டரில் திடீரென்று சத்தம் நின்று போனவர்களுக்குப் பிரயோசனப்படும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதப் போன இடத்தில் வேறொன்றும் வந்து சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப், விண்டோஸ் 10. இவர் கட்டாருக்குப் போன பிறகு அதற்கு இருக்கும் பெரிய வேலை வெள்ளிக்கிழமை வீடியோ கோல்தான். போனில் என்றால் பிள்ளைகள் இரண்டும் பறித்துக்கொண்டு சண்டை பிடிக்கும். கம்பியூட்டர் என்றால் நான், பிள்ளைகள், உம்மா எல்லோரும் ஹோலில் ஒன்றாக இருந்து கதைக்கலாம். அவருக்கு ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எழும்ப, எங்களுக்கு அஸருக்குப் பிந்திய நேரம்.

போன மாதம் ஒரு வெள்ளி. இவரின் முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்கிறது, அங்கிருந்து கை காட்டுகிறார், தலையாட்டுகிறார். சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். மூத்தவன் ஸ்பீக்கருக்கு இரண்டு அடி போட்டான். உம்மா மட்டும் வழமையான கதிரையில் சிரித்த முகத்தோடு இருந்தா.

"பரவாயில்ல புள்ள, முகம் தெரியிதுதானே."

உம்மாவுக்கு இருக்கும் பொறுமை எனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். பொருளைப் பார்க்காமலே தீர்ப்பு வந்தது. "டீச்சர், சவுண்ட் சிப் போர்டோட சேர்ந்தது. மதர்போர்ட் மாத்தணும். 25 ஆயிரம் வரும், கொண்டு வாங்க." எங்கள் சம்பளம் உங்களுக்குத் தெரியும்தானே! மாதம் முடியுமட்டும் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன்.

நான் ஐசிடி டீச்சர் இல்லை, ஆரம்பப் பிரிவு. ஆனால் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: பிள்ளைக்கு விளங்குதில்லை என்று எழுத முதல், கரும்பலகை கண்ணுக்குத் தெரியுதா, நீங்கள் சொல்வது காதுக்குக் கேட்குதா என்று பாருங்கள். அதைத்தான் கம்பியூட்டருக்கும் செய்தேன். வெளியே இருந்து உள்ளே போவது.

முதலில் ஸ்பீக்கர். லைட் எரிகிறது, வொல்யூம் குறையவில்லை. அதன் வயரைக் கழற்றி என் போனில் குத்தினேன், பாட்டு வந்தது. அப்படியென்றால் ஸ்பீக்கரில் பிழை இல்லை. பிறகு சிபியூவின் பின்பக்கம். அங்கே நிறம் நிறமாக ஓட்டைகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே எடுக்க. கூட்டித் துடைக்கும்போது கழன்று, மாறிக் குத்துப்பட்டு, சத்தம் போன வீடுகள் எத்தனையோ. எங்களுடையது பச்சையில்தான் இருந்தது. நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்டதற்குக் காரணம், மைக் வெப்கேமிலேயே இருப்பது. அது வேறு வழி.

பிறகு திரை. கீழே வலப்பக்க மூலையில் ஸ்பீக்கர் அடையாளம். அதில் பெருக்கல் குறி போட்டிருந்தால் சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறோம், அல்லது சவுண்ட் சாதனத்தையே கம்பியூட்டர் காணவில்லை. காணவில்லை என்றால் டிவைஸ் மெனேஜரில் போய் டிரைவரைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் குறி ஒன்றும் இல்லை. வொல்யூம் நூறு. பாட்டுப் போட்டால் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது. அதாவது கம்பியூட்டர் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்குப் பாடுகிறது என்பதுதான் கேள்வி.

அந்த அடையாளத்தை அழுத்தினால் மேலே ஒரு பெயர் வரும். அதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதில் இருந்தது எங்கள் மொனிட்டரின் பெயர்! இரண்டு கிழமைக்கு முன் பழைய மொனிட்டர் பழுதாகி, தம்பி செக்கன்ஹேண்டில் ஒன்று வாங்கி வந்து அந்த வியாழன் இரவுதான் பூட்டித் தந்தான். பழையதற்கு விஜிஏ வயர், அதில் படம் மட்டும்தான் போகும். புதியதற்கு எச்டிஎம்ஐ, அதில் படமும் சத்தமும் ஒன்றாகப் போகும். கம்பியூட்டர் புதிய ஆளைக் கண்டதும் சத்தத்தையும் அவரிடமே அனுப்பிவிட்டது. அந்த மொனிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லை.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, பட்டியலில் ரியல்டெக் ஸ்பீக்கரைத் தெரிவு செய்தேன். பாட்டு வீடு அதிரக் கிளம்பியது. 25 ஆயிரம் மிச்சம், அல்ஹம்துலில்லாஹ். (வீடியோ கோல் எடுக்கும் செயலியின் செட்டிங்ஸுக்குள்ளும் தனியாக ஒரு ஸ்பீக்கர் தெரிவு இருக்கும். அதையும் மாற்றுங்கள். நான் மாற்றாமல் இன்னொரு அரை மணித்தியாலம் அலைந்தேன்.)

அன்று இரவே இவருக்குக் கோல் எடுத்தோம். வொல்யூம் நூறிலேயே இருந்தது, அவர் சொன்ன ஸலாம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகள் துள்ளிக் கத்தினார்கள். உம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"பாவம், இன்னமும் சத்தம் வரல்லயா புள்ள?"

மூத்தம்மா பகிடி விடுறா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை.

ரமழானுக்கு முன் ஒரு நாள் இவர், "மாமி, முதுகு வலி, நிற்க ஏலாது" என்று சொன்னார். உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம் மகன்" என்றா. அன்று நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டீவியைக் கூட்டி வைத்ததற்கு நான் எத்தனை தரம் ஏசியிருப்பேன். கூப்பிட்டால் திரும்பமாட்டா, கோபத்தில் இருக்கிறா என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகளுக்குப் பார்க்கிற டீச்சர் நான்.

"எப்ப இருந்து உம்மா? ஏன் சொல்லல்ல?" என்று காதுக்குக் கிட்டப் போய்க் கேட்டேன்.

"அவருக்குக் கிடைக்கிறதே ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள நான் என்ன என்ன எண்டு கேட்டு மறிக்கிறதா?"

ஆஸ்பத்திரியில் காட்டினோம். வலது காதில் அழுக்கு கல்லு மாதிரி இறுகியிருந்தது. சில நாள் மருந்து விட்டு, பிறகு எடுத்தார்கள். இடது காதில் கேட்டல் குறைந்துதான் இருக்கிறது, அதற்குப் பரிசோதனைத் திகதி தந்திருக்கிறார்கள். ஒரு காது மட்டும் கேட்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் செய்து வையுங்கள்: செட்டிங்ஸில் ஈஸ் ஒப் எக்சஸ், அதற்குள் ஓடியோ, அங்கே மோனோ ஓடியோவை ஒன் பண்ணுங்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து எந்தக் காதுக்கும் முழுதாக வரும்.

போன வெள்ளி உம்மாவுக்கு ஹெட்செட் போட்டுவிட்டேன். முந்தானைக்கு மேலால் அது நிற்கவில்லை, சின்னவள் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் பேசப் பேச உம்மா தலையாட்டவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு ஹெட்செட் போட்டவர்கள் எல்லோரையும் போல ஊருக்கே கேட்கக் கத்தினா.

"முதுகு வலியா? எப்ப இருந்து மகன்?"

மூன்று மாதம் என்றார் அவர். உம்மா என் பக்கம் திரும்பி, "இத ஏன் புள்ள ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?" என்று ஏசத் தொடங்கினா.