ஆறாவது நாற்காலி

2012 ஜூன் 5, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. அமெரிக்காவில் அப்போது 4ஆம் தேதி இரவு. சான் அன்டோனியோ நகரில் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் மேற்கு மண்டல இறுதிச்சுற்றின் 5ஆவது ஆட்டம் தொடங்கவிருந்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் ஓக்லஹோமா சிட்டி தண்டரும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் வென்றிருந்தன. அண்ணனும் நானும் காபி டம்ளர்களோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பருவம் முழுக்க எங்களுக்குள் ஒரே வழக்குதான்: தண்டரின் ஜேம்ஸ் ஹார்டனை முதல் ஐவரில் இறக்க வேண்டுமா, பெஞ்சிலிருந்து அனுப்புவதே சரியா?

அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009இல் ஹார்டன் 3ஆவதாகத் தேர்வானவர். 2011-12 பருவத்தில் 62 ஆட்டங்கள் ஆடினார். இரண்டில் மட்டுமே தொடக்கத்தில் களமிறங்கினார். ஆனாலும் ஆட்டத்துக்குச் சராசரி 16.8 புள்ளி. அணியில் கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருவருக்கு அடுத்து அவர்தான். பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்குத் தரும் ‘ஆறாவது ஆட்டக்காரர்’ விருதும் அந்த ஆண்டு அவருக்கே. முதல் ஐவரில் அவர் இடத்தில் இறங்கியவர் தாபோ செஃபலோஷா. அதிகம் புள்ளி எடுக்காதவர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான் அவர் வேலை.

“இவ்வளவு நல்லா ஆடுறவனை உட்கார வெச்சு வேடிக்கை பார்க்கிறதுல என்னடா நியாயம்?” என்பார் அண்ணன். “களத்துல பந்து ஒண்ணுதானேண்ணே” என்பேன் நான்.

என் கட்சியின் சாரம் அதுதான். டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம். மூன்றாவதாக இன்னொருவரும் பந்து கேட்டால், ஒருவர் ஆடும்போது மற்ற இருவரும் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். அவர்கள் ஓய்வுக்குப் போகிற நேரத்திலோ அணிக்குப் புள்ளி எடுக்க ஆளிருக்காது. அப்போது பெஞ்சிலிருந்து ஹார்டன் எழுந்து வந்தால் பந்து முழுக்க அவருடையது. எதிரணியிலும் அந்நேரம் இரண்டாம் வரிசைக்காரர்களே காவல் நிற்பார்கள். 48 நிமிட ஆட்டத்தில் எந்த நிமிடமும் சப்பென்று போகாமல் பார்த்துக்கொள்கிற கணக்கு அது. பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் 1950களிலேயே ஃபிராங்க் ராம்சியையும், பின்னர் ஜான் ஹாவ்லிசெக்கையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தார்.

அன்று காலை நடந்ததை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. ஸ்பர்ஸ் அணியின் ஆறாவது ஆள் மனு ஜினோபிலியைப் பயிற்சியாளர் கிரெக் பொப்போவிச் முதல் ஐவரில் இறக்கினார். ஜினோபிலி 34 புள்ளி குவித்தார். “பார்த்தியாடா, முதல்ல இறக்கினா என்ன ஆகுதுன்னு!” என்று அண்ணன் தொடையைத் தட்டினார். வழக்கு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கடைசி அரை நிமிடத்தில், பெஞ்சிலிருந்து வந்த ஹார்டன், ஸ்பர்ஸின் கவாய் லெனர்ட் நீட்டிய கைக்கு மேலாக ஒரு மூன்று புள்ளி எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. தண்டர் 108-103 என்று வென்றது. ஒரே ஆட்டம் எங்கள் இருவருக்கும் சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

எந்தப் பக்கம் நியாயம் என்று பிறகு பல நாள் யோசித்தேன். அப்போது என் கல்லூரி நாள் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் அணியில் நான் ஆறாவது ஆள். கையில் பந்து வந்தால் புள்ளி எடுப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மாவட்டப் போட்டிக்கு அப்பா வந்திருந்தார். மைக்கில் ஐந்து பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தது பெஞ்சிலிருந்த எனக்குத் தெரிந்தது. சற்று நேரத்தில் நானும் இறங்கினேன், கடைசி விசில்வரை ஆடினேன், ஜெயித்தோம். வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டது ஒன்றுதான்: “முதல்ல ஏன்ப்பா உன்னைக் கூப்பிடல?” என்னிடம் பதில் இல்லை. பயிற்சியாளர் எனக்கு எந்தக் காரணமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால்தான், “யார் தொடங்குகிறார் என்பது முக்கியமில்லை, யார் முடிக்கிறார் என்பதே முக்கியம்” என்று யாராவது சுலபமாகச் சொன்னால் என்னால் முழு மனதோடு தலையாட்ட முடிவதில்லை. அது ஆட்டத்துக்கு உண்மை. ஆடுகிறவனுக்குப் பாதி உண்மை. பெயர் கூப்பிடப்படுவது ஒரு மரியாதை. அதை விட்டுக்கொடு என்று ஒருவரிடம் கேட்பது பெரிய விஷயம்.

ஜினோபிலி விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். அர்ஜென்டினாவின் பாகியா பிளாங்கா ஊர்க்காரர். 1999 டிராஃப்டில் 57ஆவது ஆளாக, ஏறக்குறைய கடைசியில், தேர்வானவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 29 புள்ளி எடுத்து, தன் நாட்டைத் தங்கம்வரை கொண்டுபோனவர். 2007-08 பருவத்தில் சராசரி 19.5 புள்ளியோடு ஸ்பர்ஸ் அணியில் எல்லோருக்கும் மேலே நின்றார், அணியின் நட்சத்திரம் டிம் டங்கனுக்கும் மேலே. அந்த ஆண்டு ஆடிய 74 ஆட்டங்களில் தொடக்கத்தில் இறங்கியது 23இல்தான். மொத்தமாக 1057 ஆட்டங்களில் முதல் ஐவரில் இருந்தது 349இல். நான்கு முறை சாம்பியன் ஆனார். அவருடைய 20ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியக்கூடாது என்று 2019இல் ஸ்பர்ஸ் அரங்கின் உச்சியில் ஏற்றினார்கள். 2022இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். விட்டுக்கொடுத்தது என்ன என்பது அவருடைய அணிக்கும் ஊருக்கும் தெரிந்திருந்தது.

ஆண்ட்ரே இக்வோடாலாவுக்கும் அப்படித்தான். அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்கத்தில் இறங்கியவரை, 2014-15 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் பெஞ்சுக்கு வரச் சொன்னார். அவர் ஒப்புக்கொண்டார். இறுதிச்சுற்றில் அணி 2-1 என்று பின்தங்கியபோது, 4ஆவது ஆட்டத்தில் அவரையே முதல் ஐவரில் இறக்கினார்கள். அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வென்று கோப்பை வந்தது. இறுதிச்சுற்றின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவரைத் தேடி வந்தது.

ஹார்டன் கதை வேறு வழியில் போனது. தண்டர் இறுதிச்சுற்றில் மயாமியிடம் தோற்றது. ஒப்பந்தத் தொகையில் இணக்கம் வராமல், அக்டோபரில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹூஸ்டன் அவரை முதல் ஐவரில் இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே 37 புள்ளி. 2018இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். அண்ணன் இன்றும் இதை வைத்துத்தான் என்னை மடக்குவார்.

அண்ணன் சொன்னது சரி. ஹார்டனுக்கு முதல் ஐவரில் இறங்கும் தகுதி இருந்தது. ஆனால் ஜினோபிலிக்கும் இருந்தது, இக்வோடாலாவுக்கும் இருந்தது. தகுதி ஒரு கேள்வி; அணியின் தேவை வேறொரு கேள்வி. இரண்டையும் நாங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பருவம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். பெஞ்சில் உட்காரவைப்பதில் தவறில்லை. காரணம் சொல்லாமல் உட்காரவைப்பதும், வேலை முடிந்ததும் அதற்குக் குறைவாக மதிப்புப் போடுவதும்தான் தவறு.

போன வருடம் அண்ணன் மகள் பள்ளி அணியில் சேர்ந்தாள். ஆறாவது ஆள். ஆட்டம் பார்க்க இருவரும் போயிருந்தோம். முதல் ஐந்து பெயர்களில் அவள் இல்லை. வெளியே வந்ததும் அண்ணன் கொஞ்சம் வருத்தமாக, “உன்னை ஏம்மா முதல்ல இறக்கல?” என்றார்.

தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே அவள் சொன்னாள்: “அவங்க அஞ்சு பேரும் களைச்சதும் பந்தைக் கொண்டுபோக ஒரு ஆள் வேணும்ப்பா. அது நான்தான்னு சார் முதல் நாளே சொல்லிட்டார்.”

அண்ணன் பேசவில்லை. எனக்கு அப்பாவோடு வந்த அந்த பஸ் பயணம் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு பதில் அன்று என்னிடம் இருந்திருந்தால், வீடு வரைக்கும் அதைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டு வந்திருப்பேன்.