புரட்டாசி லீவு

முழுப் பரீட்சை லீவு என்றால் அதற்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. தாத்தா ஊர், அத்தை ஊர் என்று பிள்ளைகளை அனுப்பிவிடலாம். அரையாண்டுக்குக் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் துணைக்கு வரும். காலாண்டு லீவுதான் கேட்பாரற்றது. பத்து நாள்கூட முழுசாகத் தேறாது. 2025இல் செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை விட்டார்கள். சரஸ்வதி பூஜை, விஜயதசமி, காந்தி ஜெயந்தி எல்லாம் அதற்குள்ளேயே வந்து போயின. மதுரைக்காரர்களுக்குக் கைக்கெட்டின குளிர் கொடைக்கானல். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போகவும் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனாலும் பூஜை விடுமுறையில் பாதி நாள் மலைப்பாதையில் முன்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே உள்ளூர்.

"உள்ளூர்ல என்னம்மா இருக்கு?" என்றான் நாலாம் வகுப்புப் படிக்கிற மகன். இப்படிக் கேட்க மதுரையிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோபுரத்தை ஆட்டோவிலிருந்து தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு டிராபிக் சிக்னல்தான்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்; நாலு மணிக்கு மேல் வானம் கறுத்துக் கொட்டும். இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க வேண்டும். மால்களில் விளையாட்டுக் கூடம் இருக்கிறது. கையில் பட்டையைக் கட்டி, மணிக்கணக்கில் பணம் வாங்கி, உள்ளே விடுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்காமலில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது, "இன்னும் அரை மணி நேரம்" என்பதைத் தவிர.

மற்ற இடங்களுக்குப் போய்வந்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. பிள்ளைகள் ஒரு இடத்தை அழகு, பழமை, பெருமை என்றெல்லாம் அளப்பதில்லை. தொடலாமா, கூடாதா? அவ்வளவுதான் கணக்கு.

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இப்போது மிஞ்சி நிற்பது அதில் ஒரு பகுதிதான் என்று சொன்னபோது மகனும் மகளும் கொட்டாவி விட்டார்கள். ஆனால் தூண் ஒன்றைக் கண்டதும் எத்தனை பேர் கைகோத்தால் கட்டிப்பிடிக்கலாம் என்று ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அதற்குள் காவலாளியின் விசில். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கைக்கெட்டிய உயரத்துக்குக் காதலி பெயரைக் கீறி வைத்தது எங்கள் தலைமுறை. விசிலை இவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

காந்தி அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டிடம், 1959இல் திறந்தது. ரத்தக்கறை படிந்த வேட்டியின் முன்னால் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். மகன் அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவனைப் பிடித்து நிறுத்தியது மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது அந்த வீதியில் ஒரு வீட்டில் வைத்து. கீழே கதர்க் கடை. கடையில் துணியைத் தொடலாம், பிரிக்கலாம், முகத்தில் வைத்துப் பார்க்கலாம். "இதப் போட்டா அரிக்கும்போல. அதான் சட்டையக் கழட்டிட்டாரோ?" என்றான். கடைக்காரர் சிரித்துவிட்டு, உண்மையான காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

கீழடிக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லாமே கண்ணாடிக்குப் பின்னால்தானே இருக்கும்? சிலைமான் தாண்டிக் கொஞ்ச தூரம். செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் முற்றமும் தூணுமாக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று நான் ஆரம்பித்தேன். எதிரொலி இல்லை. ஒரு பெட்டிக்கு முன்னால் மகள் நின்றுவிட்டாள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து எடுத்த சில்லுகள், குவியலாக. "இது பாண்டி ஆடுற சில்லு!" என்றாள். பக்கத்தில் சுடுமண் ஆட்டக்காய்கள், பகடை. அதுவரை மன்னர் பெயருக்கும் ஆண்டுக்கும் அசையாத பிள்ளைகள், இந்தச் சில்லைப் பார்க்கப் பரீட்சைத் தாளின் மேல் குனிவது மாதிரி குனிந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். விளையாடியவர்கள் சின்னப் பிள்ளைகளா, பெரியவர்களா, தோற்றால் அழுவார்களா என்று கேள்வி மேல் கேள்வி. நான் முழித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் கிடந்த ஓட்டுத் துண்டைத் தேடி எடுத்தாள். வாசல்படி சிமெண்டில் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க மூலைகள் மழுங்கி, செம்மண் குழம்பு வழிந்து, படி நாசமாயிற்று. மகன் குறுக்குவழி கண்டான்: தரைக்குப் பதித்ததில் மிஞ்சிய டைல்ஸ் துண்டு. ஆட்டம் தொடங்கியதும்தான் வித்தியாசம் தெரிந்தது. டைல்ஸ் துண்டு வழுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடுகிறது. ஓட்டுச் சில்லு விழுந்த கட்டத்திலேயே நிற்கிறது. அருங்காட்சியகத்தில் எந்தப் பலகையிலும் எழுதாத இந்தச் செய்தியை அவர்கள் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மழை வந்ததும் கோடுகள் கரைந்தன. உள்ளே தாயக்கட்டை உருண்டது. தாயம் போடாமல் காயை இறக்கலாமா என்ற வழக்கு என் மாமியாரிடம் போனது. அவர் தீர்ப்பு எப்போதும் பேரன் பக்கம்தான்.

மழை நாள்களில் இன்னொரு புகலிடம் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சிறுவர் பிரிவில் புத்தகத்தை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம், தரையில் படுத்துப் படித்தாலும் யாரும் முறைப்பதில்லை. கட்டணமும் கிடையாது. ஏ.சி.க்காகவே வருகிற பெற்றோர்களும் உண்டு. நானும் அந்த ஜாதிதான்.

நவராத்திரி என்பதால் மாலையில் கொலு. கோயில் கொலுவுக்குக் கூட்டத்தில் நீந்திப் போக வேண்டும். அக்கம்பக்கத்துக் கொலுக்களில் சுண்டல் உறுதி. கூடவே, "பொம்மையத் தொடக்கூடாது கண்ணா" என்பதும் உறுதி. ஒன்பது நாளும் கண்ணெதிரே இத்தனை பொம்மையை அடுக்கி வைத்துவிட்டு ஒன்றையும் தொடாதே என்பது சிறுபிள்ளைக்குப் பெரிய தண்டனைதான். எங்கள் வீட்டுக் கொலுவில் மளிகைக்கடைச் செட்டியாரின் கை போன வருஷமே உடைந்திருந்தது. புது செட்டியார் வாங்க விளாச்சேரிக்குப் போனோம்.

திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கிற விளாச்சேரியில் வேளார் வீடுகளில் தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். வீட்டு முன்வாசலே பட்டறை. நாங்கள் போன வீட்டில் ஒரு பாட்டி அச்சில் மண் வைத்துக்கொண்டிருந்தார். அச்சின் உள்ளே மெல்லிய பொடியைத் தூவுகிறார், மண் ஒட்டாமலிருக்க. சப்பாத்தி கனத்துக்குத் தட்டிய களிமண்ணை உள்ளே பரப்பி, கட்டை விரலால் மூக்கு, உதடு, காது என்று ஒவ்வொரு பள்ளமாக அமுக்குகிறார். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி இன்னொன்று. ஓரத்தில் குழைத்த மண்ணைத் தடவி இரண்டையும் சேர்க்கிறார். பிரித்தெடுத்தபின் ஒட்டிய தழும்பை ஈரத்துணியால் ஒரு இழுப்பு. செட்டியாரா, சீதையா என்பது வண்ணம் வரும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றான் மகன், பொம்மை வெறும் கூடு என்று தெரிந்த அதிர்ச்சியில்.

"கெட்டியா இருந்தா சூளையில வெடிச்சிரும் ராசா. அடியில ஓட்டையும் விடணும், பாரு. இல்லன்னா ஆவி போகாது."

அவன் கை தானாக நீண்டது. நான் "தொடாதே" என்று வாயெடுப்பதற்குள் பாட்டி ஒரு உருண்டை மண்ணைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டார். ஒரு சின்ன ஆட்டின் அச்சும் கிடைத்தது. அவன் பூ மாதிரி தொட்டான். "அமுக்குடா. மண்ணுக்கு வலிக்காது" என்றார். முதல் ஆடு காதில்லாமல் வந்தது. அடுத்ததற்கு மூக்கில்லை. மூலையில் ஈரமாகவே அடுக்கியிருந்த பொம்மைகளைக் காட்டி, இப்படி மழை பெய்தால் காயாது, காயாததைச் சுட முடியாது என்று அவர் மகன் கவலையோடு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு. அதனால் விலையில் நான் பேரம் பேசவில்லை. பேசினாலும் பாட்டியிடம் எடுபட்டிருக்காது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை எல்லாம் கொலுவில் வைத்துவிட்டால் படிக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்குக் கிடைத்த வரம். லீவில் எழுதச் சொன்ன கணக்கு நோட்டை என் மகன் முதல் ஆளாகக் கொண்டுபோய் அம்பாள் காலடியில் வைத்தான், அடியிலிருந்து எடுக்க முடியாதபடி மற்றவற்றை மேலே அடுக்கினான். விஜயதசமியன்று எடுத்தபோது குங்குமம் சிந்திய பக்கத்தைக் காட்டி, "இதுல எழுதினா சாமி குத்தம்" என்றும் வாதாடினான்.

விளாச்சேரியிலிருந்து கிளம்பும்போது பாட்டி சொன்னது மட்டும் இன்னும் தொல்லையாக இருக்கிறது. கொலு முடிந்ததும் அங்கே கிறிஸ்துமஸ் குடில் வேலை ஆரம்பமாம். "ஒரு குடிலுக்கு எத்தன ஆடு வேணும் தெரியுமா? நீ வாடா, உனக்கு வேலை இருக்கு" என்றிருக்கிறார். இவன் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளை வட்டமிடுகிறான். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை வருகிறது என்றேன். அதற்குள் காது வைக்கப் பழகிவிடுவானாம்.