காணாமல் போன நான்கு புள்ளிகள்

கல்லூரியில் கணக்கு படித்தவர்களுக்கு அந்தப் பூவைத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதற்குத் துருவம் என்று பெயர். அங்கிருந்து எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரம் என்று சொன்னால் போதும்; அதுதான் துருவ ஆயத்தொலைவு முறை. கோணத்தை இரட்டித்து, அதன் கொசைனைத் தூரமாக வைத்தால் வலம், இடம், மேல், கீழ் என நான்கு இதழ் விரியும். அதன்மேல் அரை அலகு ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் இதழுக்கு இரண்டாக எட்டு இடத்தில் வெட்டும். ஆனால் இரு சமன்பாடுகளையும் சமப்படுத்தித் தீர்த்தால் 30°, 150°, 210°, 330° என நான்கே விடைகள்தான் கிடைக்கும். படம் வரைந்து சரிபார் என்று பாடநூல் எச்சரிக்கும். மிச்ச நான்கை ஒளித்தது யார் என்று சொல்லாது. அந்த ஆளைத் தேடித்தான் பழைய நூல்களுக்குள் போனேன்.

சந்தேகம் முதலில் ஆர்க்கிமிடீஸ் மேல் விழுந்தது. சுருள்கள் பற்றிய அவருடைய நூலில், ஒரு கோடு ஒரே வேகத்தில் சுழல்கிறது. அதன் மேல் ஒரு புள்ளி ஒரே வேகத்தில் வெளியே நகர்கிறது. சுருள் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று போய்க்கொண்டே இருப்பதால், ஒரே திசையில் அதைப் பலமுறை சந்திக்கலாம். 360° கூட்டினாலும் அதே திசைதான் என்கிற குழப்பத்தின் விதை இங்கேயே இருக்கிறது. துருவத்தில் நடக்கும் வெட்டைச் சமன்பாடு தவறவிடும் சிக்கலும் இப்படி ஓட்டமாகப் பார்த்தால்தான் பிடிபடும். தூரம் கொசைனாக ஒரு வட்டம், சைனாக இன்னொன்று. இரண்டும் துருவத்தைத் தொடுகின்றன. ஆனால் ஒன்று 90°-யில் வந்து சேர்கிறது, மற்றது 0°-யிலேயே அங்கிருந்து கிளம்பிவிடுகிறது. பாதைகள் வெட்டுகின்றன, பயணிகள் சந்திப்பதில்லை. அதனால் சமன்பாடு 45°-யை மட்டும் காட்டுகிறது. போதாக்குறைக்கு, அதே புள்ளியை 225° என்று மறுபடி கொடுக்கிறது, தூரத்துக்கு முன்னால் ஒரு மைனஸோடு.

அந்த மைனஸ் ஆர்க்கிமிடீஸிடம் கிடையாது.

துருவ ஆயத்தொலைவு முறையின் பிறப்பைப் பற்றிக் கணிதவியலாளர் ஜூலியன் கூலிட்ஜ் 1952-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். கவலியேரி 1635-இல் சுருளின் பரப்பைக் கண்டார். 1647-இல் செயின்ட் வின்சென்ட்டின் நூல் வந்தது. நியூட்டன் 1671 வாக்கில் எழுதியது 1736-இல்தான் அச்சேறியது. அதற்குள், 1691-லேயே, யாக்கோபு பெர்னூலி அச்சில் முந்திக்கொண்டார். யார் முதல்வர் என்ற அந்த வழக்கு எனக்குச் சலிப்பூட்டியது. தொடுகோடு, வளைவு, பரப்பு என்று அலைந்த அவர்களிடம் என் நான்கு புள்ளிகள் இல்லை.

ஆள் அகப்பட்டது 1748-இல். ஆய்லர் தன் ‘இன்ட்ரொடக்டியோ’ நூலில் கோணம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், தூரம் மைனஸாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார். மைனஸ் வந்தால் கோணம் காட்டும் திசைக்கு நேர் எதிரே அளக்க வேண்டும். அவர் கையில் ஆர்க்கிமிடீஸின் சுருள் இரட்டையாயிற்று. மைனஸ் கோணங்களுக்கும் நீட்டியதும், முதல் சுருளின் கண்ணாடி பிம்பம்போல இன்னொன்று கிளம்பியது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் தன்னைத்தானே தொடாமல் இருந்த கோடு, நிமிர்ந்த அச்சின் மேல் திரும்பத் திரும்பத் தன்னையே வெட்டத் தொடங்கியது.

இதை வைத்துக்கொண்டு பூவுக்குத் திரும்பினேன். 45°-யிலிருந்து 135° வரை கொசைன் மைனஸ். பேனா மேலே போக வேண்டிய நேரத்தில் கீழ் இதழை வரைகிறது. 225° முதல் 315° வரை அதே கதை. கீழே திரும்பியிருக்கும்போது மேல் இதழ் முளைக்கிறது. அதாவது மேலும் கீழுமான இரண்டு இதழ்களும் மைனஸ் தூரம் போட்டவை, காணாமல் போன நான்கும் உட்கார்ந்திருப்பது அவற்றின் மேல்தான். அவற்றைப் பிடிக்க வட்டத்தின் தூரத்தையும் மைனஸ் அரை என்று எழுதித் தீர்க்க வேண்டும்: 60°, 120°, 240°, 300°. ஆய்லர் புள்ளிகளை ஒளிக்கவில்லை. அவர் அந்தக் கதவைத் திறக்காவிட்டால் இந்தச் சமன்பாட்டில் அந்த இதழ்களே இருந்திருக்காது.

தூரம் எப்படி ஐயா மைனஸாகும் என்று கேட்பவர்கள், இயற்பியல்காரர்கள் முக்கியமாக, இன்றும் உண்டு. கொசைனின் மைனஸைத் துடைத்துவிட்டு மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். நாலிதழ்ப் பூவில் அது அழகாகப் பலிக்கிறது. எட்டுப் புள்ளிகளும் ஒரே தீர்வில் வந்துவிடும். கோணத்தை மும்மடங்காக்கினால் வரும் மூவிதழ்ப் பூவுக்கு அதே வைத்தியத்தைச் செய்தால் ஆறு இதழ் முளைத்துவிடுகிறது.