கரைந்து காக்கும் செம்பு

தண்ணீர்மலைக் கோயிற் படிகளில் ஏறி நின்று நோக்குவோர்க்கு, ஜார்ஜ்டவுன் நகரும் அதற்கப்பால் விரிந்த கடலும் ஓவியமெனத் தோன்றும். நாகப்பட்டினத்திலிருந்து 1973 வரை தமிழரைச் சுமந்துவந்த ‘ரஜுலா’ நங்கூரமிட்ட கடல் அது. கப்பலின் அழகைக் கண்டு வியப்போர் பலர். நீருக்குள் மறைந்த அதன் அடிப்பகுதியை எண்ணுவோர் சிலரே.

கப்பலுக்கு ஓயாத பகை அங்கேதான் குடியேறுகிறது. கொட்டலசு இளம்பருவத்தில் நீந்தித் திரியும். இடம் தேர்ந்தபின் தலைப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கூடு கட்டி, இறுதிவரை அங்கேயே வாழும். பாசியும் சிப்பியும் அதனுடன் சேரக் கப்பலின் வேகம் குன்றும். எரிபொருட் செலவு ஏறும். வெப்பக் கடலில் இவ்வளர்ச்சிக்கு ஓய்வில்லை.

1761இல் ஆங்கிலேயர் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத்தகடு வேய்ந்தனர். உயிர்கள் ஒட்டவில்லை, ஆனால், செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப்போயின. செம்பும் கடல்நீரில் தேய்ந்தது. 1824இல் அறிஞர் ஹம்ப்ரி டேவி, தகட்டுடன் இரும்புத் துண்டுகளை இணைத்துத் தேய்மானத்தை நிறுத்தினார். வெற்றி கிட்டியது, உடனே கொட்டலசும் திரும்பியது! சிறிது சிறிதாகக் கரையும்போதுதான் செம்பு கப்பலைக் காக்கிறது என்னும் உண்மை அப்போது விளங்கிற்று.

1960களில் வெள்ளீயச் சேர்மமான டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணப்பூச்சு பரவியது. கப்பல்கள் தூய்மையாயின, கடலோ நஞ்சேறியது. பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு வளர்ந்து இனப்பெருக்கம் தடைப்பட்டது. பிரான்சின் ஆர்க்காசோன் விரிகுடாவில் சிப்பி வளர்த்தோர் பிழைப்பிழந்தனர். அந்நாடு 1982இல் சிறு படகுகளுக்கு அப்பூச்சைத் தடுத்தது. 2001இல் இயற்றப்பெற்ற அனைத்துலக உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது. இன்று செப்புக்கலவைப் பூச்சுகளோடு, உயிர்களைக் கொல்லாது வழுக்கிவிடும் சிலிக்கோன் பூச்சுகளும் வழங்குகின்றன. கப்பல் விரைந்தோடுகையில், இறுகப் பற்ற இயலாத உயிர்கள் நீரோட்டத்தால் கழன்றுவிடும்.

பினாங்குக் கடலில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்போர்க்கும் இதே தொல்லை உண்டு. சிப்பியும் கொட்டலசும் வலைக்கண்களை அடைத்தால் நீரோட்டம் குறையும். மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும். நஞ்சு பூசினால் அது மீனுக்கும், பின் உண்போர்க்கும் சேரும் என்னும் அச்சம் உண்டு. ஆதலால் வலையைத் தூக்கி உலர்த்தித் தேய்த்துக் கழுவுவதே அவர்தம் தொன்றுதொட்ட வழி. கை காய்க்கும் வேலைதான். எனினும் அவர்கள் காக்கும் கூண்டும் அவர்களை வாழ்விக்கும் கடலும் வேறுவேறல்ல. வேதியியற் பாடத்தில் செம்பின் பண்புகளைப் படிக்கும் மாணவர், இவ்வுழைப்பாளரின் கைகளையும் நினைவிற்கொள்வாராயின் அப்பாடம் நிறைவுபெறும்.