இரண்டு தெரு தூரம்

பிறரை மன்னிப்பது சிரமம் என்கிறோம். நம்மை நாமே மன்னிப்பது இருக்கிறதே, அது பல பெண்களுக்கு அதைவிடச் சிரமமான காரியம். என்றோ சொல்லிவிட்ட ஒரு சுடுசொல்லை நினைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி இப்படித்தான் தவித்தாள். முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவள். ஒரு நாள் அவள் வீட்டில் மோதிரம் காணாமற்போயிற்று. வீட்டு வேலை செய்துவந்த அம்மாளைச் சந்தேகித்து, நாலு பேர் எதிரில் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட்டாள். பத்து நாள் கழித்து, மோதிரம் அரிசி டின்னுக்குள்ளேயே கிடைத்தது!

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுவாள். "ஆண்டவன் மன்னித்தாலும் என்னை நான் மன்னிக்க மாட்டேன்" என்பாள்.

நான் போயிருந்த ஒரு நாள், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவள் பாட்டி இதைக் கேட்டுவிட்டார். பாட்டியை அந்த வீட்டில் 'நன்னி' என்பார்கள்.

"ஏம்மா, அவனே தீர்ப்புச் சொன்ன பிறகு, அதுக்கு மேலே அப்பீல் நடத்த நீ யாரு?" என்றார் நன்னி.

எனக்குச் சிரிப்பு வந்தது. நன்னி சிரிக்கவில்லை. இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பது குர்ஆனின் 39-வது அத்தியாயத்தில் வரும் கட்டளை என்று எனக்கு விளக்கினார்.

குர்ஆனில் மொத்தம் 114 அத்தியாயங்கள். அவற்றில் 113, இறைவனின் கருணையைச் சொல்லும் 'பிஸ்மில்லாஹ்'வோடு தொடங்குகின்றன. அது இல்லாமல் தொடங்குவது ஒன்பதாவது அத்தியாயம் மட்டுமே. அதன் பெயர் என்ன தெரியுமோ? 'தௌபா'! பிழையை விட்டு இறைவனிடம் திரும்புதல் என்று பொருள். கருணையைக் குறிக்கும் 'ரஹ்மத்' என்ற அரபுச் சொல்லும், தாயின் கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

நன்னி ஒரு நபிமொழியும் சொன்னார். சிறைப்பட்டவர்களிடையே ஒரு தாய் தவித்து அலைந்தாளாம். குழந்தையைக் கண்டதும் வாரியெடுத்து, மார்போடு அணைத்துப் பாலூட்டினாளாம். இவள் தன் குழந்தையை நெருப்பில் போடுவாளா என்று நபிகள் நாயகம் தோழர்களைக் கேட்டார். ஒருபோதும் மாட்டாள் என்றார்கள். இவளுக்குப் பிள்ளைமேல் உள்ள இரக்கத்தைவிட, இறைவனுக்குத் தன் அடியார்கள்மேல் உள்ள இரக்கம் பெரிது என்றாராம் நாயகம்.

"அப்படியானால் அழுது வேண்டினால் போதும் அல்லவா, நன்னி?" என்று கேட்டேன்.

"போதாது" என்றார்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, தௌபாவின் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதியிருக்கிறார். தவற்றை விட்டுவிட வேண்டும். மனம் வருந்த வேண்டும். மறுபடி செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். இன்னொரு மனிதருக்கு இழைத்த தவறானால் நாலாவதாகவும் ஒன்று உண்டு. அவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீண்பழி சுமத்தியிருந்தால், அவரிடமே போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும்.

நன்னி பேத்தியைக் கேட்டதும் அதைத்தான். "ரெண்டு மாசமா அழறே. ரெண்டு தெரு தாண்டி அந்த அம்மா வீட்டுக்குப் போனியா?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். தொழுகைப் பாயில் அழுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அங்கே அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

மறுநாள் போனாள். அன்று கேட்ட அதே நாலு பேர் எதிரிலும் தன் தவற்றைச் சொன்னாள். அந்த அம்மாள், "சரி, போயிட்டு வாங்கம்மா" என்றாராம். வேலைக்குத் திரும்பி வரவில்லை. அதில் தோழிக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்றிரவு அவள் சாப்பிட்டாள். இப்போது வீட்டில் எது காணாமற்போனாலும் முதலில் அரிசி டின்னைத் திறந்து பார்க்கிறாள்.

தன்னைத்தானே வதைத்துக்கொண்டிருப்பது பிராயச்சித்தம் ஆகிவிடாது, சகோதரிகளே. உங்கள் மனத்தையும் ஏதேனும் ஒன்று அரித்துக்கொண்டிருந்தால், போக வேண்டிய வீடு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். போய்விட்டு வந்த பிறகு, மிச்சத்தை ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிடலாம்.