மிச்சம்

நம்முடைய நடுத்தர வீடுகளில் வியாபாரம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை செய்தால் அது சாமர்த்தியம். நம் வீட்டுப் பிள்ளை செய்கிறேன் என்று கிளம்பினால் அது விபரீதம். அதிலும் தள்ளுவண்டி வியாபாரம் என்றால் கேட்கவே வேண்டாம். மாலையில் கடற்கரைக்குப் போய் அந்த வண்டியைச் சுற்றி நின்று பஜ்ஜியை ஊதி ஊதித் தின்பதில் நமக்குக் கூச்சம் இல்லை. ஆனால், வண்டிக்கு இந்தப் பக்கம் நின்றால் உல்லாசம். அந்தப் பக்கம் நின்றால் அவமானம். நடுவில் இருப்பதோ இரண்டடி அகலமுள்ள ஒரு பலகைதான்.

அந்தப் பலகையைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம், செங்கற்பட்டில் இருக்கும் என் சிநேகிதர். முப்பத்து மூன்று வருஷம் ஓர் ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பையன், ஒரு பெண். பையன் பி.காம். படித்துவிட்டு மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது. ஆறு மாதம் வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் எழுந்து, "மாமல்லபுரத்தில் ஹாட் டாக் வண்டி போடப்போகிறேன்" என்றானாம்.

அவன் தாயார் அந்தப் பெயரின் அர்த்தத்தை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நாயைச் சுட்டு விற்கவா உன்னைப் படிக்கவைத்தோம்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அது நாய் அல்ல, நீள ரொட்டிக்குள் வைத்த இறைச்சிக் குழல்தான் என்று விளக்கியதில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. எவர்சில்வர் வண்டி, காஸ் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சம் ஆகும் என்றான் பையன். வீட்டில் இருந்த ரொக்கம், பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஓய்வுப் பணம் ஒன்றுதான்.

"நீ கதை எழுதுகிறவன். பதமாக நாலு வார்த்தை சொல்லி அவன் மனசைத் திருப்பு" என்றார் சிநேகிதர்.

கதை எழுதுகிறவனுக்கு மனசைத் திருப்பத் தெரியுமோ தெரியாதோ, இடத்தைப் போய்ப் பார்க்கத் தெரியும். "வா அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று பையனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர், வழியில் திருக்கழுக்குன்றம். அந்த மலைமேல் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போனதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். இப்போது அவை வருவதில்லை. "பார்த்தாயா, தினமும் தவறாமல் வந்த வாடிக்கை. அதுவே நின்றுவிட்டது" என்றேன். பையன் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சை அவன் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

வழியெல்லாம் அவன் ஹாட் டாக் புராணம் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தப் புராணம் உண்மையிலேயே ருசியானது. நியூயார்க் பக்கத்தில் கோனி ஐலண்ட் என்று ஒரு கடற்கரை. 1867-ல் சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஜெர்மானியர் அங்கே வண்டியில் இறைச்சிக் குழலை ரொட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார். வண்டி வளர்ந்து பெரிய ஹோட்டலாயிற்று. அங்கே ரொட்டி நறுக்கும் வேலையில் இருந்தவர் நேதன் ஹாண்ட்வெர்க்கர் என்ற போலந்து நாட்டு யூதர். அவர் 1916-ல் சேர்த்து வைத்த முந்நூறு டாலரைக் கொண்டு சொந்தக் கடை போட்டார். முதலாளி பத்து சென்ட்டுக்கு விற்றதை இவர் ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்தார். இவ்வளவு மலிவாகக் கிடைப்பது நல்ல சரக்காக இருக்குமா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். உடனே அவர் சில ஆட்களுக்கு வைத்தியர் அங்கியை மாட்டிக் கடை வாசலில் நின்று தின்னச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு. டாக்டரே தின்கிறார் என்றால் அப்புறம் பயம் ஏது?

"மாமா, அந்தக் குழல் முன்னாலேயே வெந்தது. சூடு காட்டினால் போதும். ஆள் காத்திருக்க வேண்டியதில்லை; தட்டு வேண்டாம்; ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே தின்னலாம். வண்டிக்காகவே பிறந்த பண்டம்" என்றான்.

"நம் ஊரில் அதற்குப் பெயர் சுண்டல்" என்றேன்.

கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மணலில் அன்று நல்ல கூட்டம். வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் மிளகாய் விழுது பூசிக்கொண்டு தட்டுகளில் செக்கச் சிவந்து கிடந்தன. பஜ்ஜிக் கடாயைச் சுற்றி ஒரு கல்லூரியே நின்றது. சற்று ஒதுங்கி, ஒரு வயதான அம்மாள் பட்டாணிச் சுண்டல் வண்டியோடு நின்றிருந்தாள். தேங்காய்க் கீற்று, மாங்காய்த் துண்டு, அலுமினியப் பானை, பணம் வாங்க ஒரு க்யூ ஆர் அட்டை. முப்பது வருஷமாக அந்த வட்டாரத்தில் விற்கிறவள். அவளிடம் இரண்டு பொட்டலம் வாங்கினோம். கூட்டம் குறைந்த வேளை பார்த்துப் பையன் விஷயத்தை அவிழ்த்தான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டி எவ்வளவு ஆகும்?"

"இரண்டரை லட்சம், அம்மா."

"வண்டி எதுக்குப்பா அவ்ளோ? வண்டியா விக்கப் போறே? நிக்கிற எடந்தான் கண்ணு முதலு. அப்புறம், ராத்திரி ஊறவைக்கிற பட்டாணி."

கடைசி வார்த்தைதான் எங்களுக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். விற்பது சாயங்காலம். பட்டாணி ஊறவேண்டியது முதல்நாள் இரவு. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை இன்றைக்கே படி அளந்து தண்ணீரில் போட்டாக வேண்டும். பள்ளிக்கூடம் லீவா, பரீட்சையா? முகூர்த்த நாளா? வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்று ரேடியோ சொல்கிறதா? டெலிவிஷனில் கிரிக்கெட் உண்டா? காணும் பொங்கலுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. மாசி மகத்துக்கு இருளர் ஜனங்கள் கடற்கரையில் வந்து கூடும்போது ஒரு கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கணக்கு. எல்லாவற்றையும் அவள் மனசில் வைத்திருந்தாள். குறைவாகப் போட்டால் வந்த ஆள் அடுத்த வண்டிக்குப் போவான். கூடுதலாகப் போட்டால் கடலுக்குப் போகும்.

"பானையிலே மிச்சம் இருந்தா மடியிலே மிச்சம் இருக்காது" என்றாள்.

மிச்சம் என்ற ஒரே சொல்லை நாம் மீந்துபோனதற்கும் சொல்கிறோம், சேமித்ததற்கும் சொல்கிறோம். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஜன்மப் பகை என்பதை அன்றுதான் ஒருவர் வாயால் கேட்டேன்.

பையன் பி.காம். அல்லவா? மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஐந்து கிலோ பட்டாணி ஊறி வெந்தால் பத்து கிலோவுக்குக் குறையாது. பொட்டலத்துக்கு நூறு கிராம் என்றால் 100 பொட்டலம். 20 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். பட்டாணி, தேங்காய், மாங்காய், எண்ணெய், காஸ், காகிதம் எல்லாமாக 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1,100. கேட்பதற்கு அமோகமாக இருக்கிறது. ஆனால் 45 பொட்டலம் விற்கும் வரை அவள் பட்டாணி மண்டிக்காரனுக்கும் காஸ்காரனுக்கும்தான் உழைக்கிறாள். நாற்பத்தாறாவது பொட்டலத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கத் தொடங்குகிறது.

அதுவும் தண்டல் இல்லாவிட்டால். தண்டல் என்றால் தெரியாத வாசகர்கள் பாக்கியசாலிகள். பத்தாயிரம் என்று பேச்சு. கையில் கொடுப்பது ஒன்பதாயிரம். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வருவதால், சராசரியாக நிற்கும் கடன் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு எண்பதுக்கு மேலே போகிறது! அந்த நூறு ரூபாய்க்கு இன்னும் ஐந்து பொட்டலம். ஆகவே நாற்பத்தாறு போய் ஐம்பத்தொன்றாகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் இங்கே சட்டம் வந்தது. 2020-ல், கொரோனாவில் தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தபோது, மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கு ஈடு கேட்காமல் வங்கி மூலம் முதலில் 10,000 ரூபாய் கடன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் ஏழு சதவீதம் அரசின் மானியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், வண்டியைப் பளபளப்பாக்குவதைவிட வட்டியைக் குறைப்பதே பெரிய லாபம் என்று தெரியும்.

இடத்தைப் பற்றியும் அவள் சொன்னது சத்தியம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மிருகக்காட்சிசாலை அருகே ஒரே ஒரு ஹாட் டாக் வண்டிக்கு, 2013-ல் நகர நிர்வாகத்துக்குக் கட்டிய ஆண்டு வாடகை 2,89,000 டாலருக்கும் மேல்! வண்டிக்கு அல்ல, அது நிற்கும் இடத்துக்கு. நம் நாட்டில் நடைபாதையில் வியாபாரம் செய்வது ஒரு தொழில் உரிமையே, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2014-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும்; சான்றிதழ் தரவேண்டும்; ஊர்தோறும் ஒரு குழு அமைத்து அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளையே வைக்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கி நடைபாதைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். என்றாலும், கையில் சான்றிதழ் உள்ளவனை விரட்டுவதற்கும் இல்லாதவனை விரட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

புறப்படும்போது பையன் கேட்டான்: "அம்மா, இத்தனை வருஷத்தில் பெரிய நஷ்டம் எது?"

"சுனாமி" என்றாள். "அன்னிக்கு ஞாயித்துக்கெழம. கிறிஸ்மஸுக்கு மறுநா. கூட்டம் அள்ளும்னு பத்து கிலோ ஊறப்போட்டிருந்தேன். வண்டி கரையிலே, பட்டாணி ஊட்டுலே. வண்டி போச்சு; பட்டாணி அப்படியே கெடந்திச்சு. ஓடிவந்த சனங்க பள்ளிக்கூடத்துலே குந்திக்கினு இருந்தாங்க. எல்லாத்தையும் அவிச்சு எடுத்தும்போய்க் குடுத்தேன். ஒரு மணி மிஞ்சல."

2004 டிசம்பர் 26. கடல் பின்வாங்கி வந்து அடித்த அந்த நாள், சாளுவன்குப்பத்தில் மண்ணை அரித்துப் பழைய கல்வெட்டுக்களை வெளிக்காட்டியது. அதைத் தொடர்ந்து ஒரு புராதன முருகன் கோயிலே தோண்டி எடுக்கப்பட்டது என்று படித்திருக்கிறேன். அதே நாளில் பத்து கிலோ பட்டாணிக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

திரும்பும்போது பையன் அதிகம் பேசவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "மாமா, இங்கே சனி, ஞாயிறுதான் கூட்டம். மற்ற நாளில் ஊகம். ஆனால் நம் செங்கற்பட்டு ஸ்டேஷனில் பட்டணத்து மின்சார ரயில் தினமும் சாயங்காலம் பசியோடு ஆட்களை இறக்குகிறதே!" என்றான். நான் பேசாமல் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அங்கே பதமாகச் சொல்ல ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாகப் போய் அந்த அம்மாளுக்குத் தேங்காய் கீறிக் கொடுத்தான். பிறகு பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய வண்டி வாங்கினான். கல்யாணப் பணத்தைத் தொடவில்லை. தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றான். நகராட்சியில் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தான். ஹாட் டாக் யோசனையில் ரொட்டி மாத்திரம் தங்கியது. உள்ளே இறைச்சிக் குழலுக்குப் பதிலாகப் பட்டாணி மசாலா. நல்ல மாதத்தில், கம்பெனியில் வாங்கிய சம்பளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. மழை மாதத்தில் அதுவும் இல்லை. உறவினர்கள் விசாரித்தால் சிநேகிதர், "ஸ்டேஷனில் இருக்கிறான்" என்று மட்டும் சொல்வார். அவர்கள் ரயில்வே உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். இரவில் வண்டிக் கணக்கை எழுதுவது மட்டும் அவர்தான். ஊறிய அளவு, விற்றது, மிஞ்சியது என்று மூன்று பத்திகள்.

போன மாதம் ஒருநாள் பையனுக்குக் கடுமையான ஜுரம். அறுபது ரொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, பட்டாணியும் ஊறிவிட்டது. ஊறிய பட்டாணியைத் திருப்பி உலர்த்த முடியாது என்பதைக் கணக்குப் புத்தகம் எழுதுகிறவரைவிட யார் அறிவார்? சாயங்காலம் ஐந்து மணிக்கு, சலவைச் சட்டையை மாற்றாமலே, என் சிநேகிதர் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

அன்று ஏழு ரொட்டி மிஞ்சியது. வீட்டிலேயே சாப்பிட்டார்கள். மறுநாள் காலை அவர் தம்முடைய பென்ஷனிலிருந்து அந்த ஏழு ரொட்டிக்கான பணத்தை எடுத்து, வண்டிக் கணக்கில் வரவு வைத்தார்.