இருக்கையும் படிக்கட்டும்

உடலைப் பேணுதல் விளையாட்டுத் திடலார்க்கே உரியது என்றும், நூலகத்தார்க்கு அது வேண்டுவதன்று என்றும் யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாள்முதல் எம் உலகம் ஒரு மேசையும் ஒரு நாற்காலியுமாய்ச் சுருங்கிற்று. மாலையில் நண்பர் பந்தாட அழைப்பர். நன்னூற் சூத்திரம் எஞ்சியுள்ளதென்று கூறி யாம் நழுவுவோம்.

இவ்வெண்ணம் சென்ற விடுமுறையிற் சிதைந்தது. எம் தந்தையார் ஓர் அலுவலகத்திற் கணக்கு எழுதுபவர். ஒருநாள் மாலை மார்பு வலித்து வியர்வை பெருக, அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இறையருளாற் பிழைத்தார். மருத்துவர் பின்னர், "ஐயா, நாள்தோறும் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்று வினவினார். தந்தையார் சிறிது எண்ணி, "பேருந்து நிறுத்தம்வரை" என்றார். அவ்வளவேனும் யாம் நடப்பதில்லை என்பதை நினைந்து தலை கவிழ்ந்தோம்.

கல்லூரிக்கு மீண்டதும் இப்பொருள்பற்றித் தேடிப் படிக்கலானோம். பேருந்துத் தொழிலாளரைப் பற்றியதோர் ஆராய்ச்சியே எம்மைப் பெரிதும் ஈர்த்தது. ஜெரமி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் இலண்டன் மாநகரில் அதனை நிகழ்த்தி, 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்நாளில் அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தனர். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குதற்பொருட்டு நாளொன்றுக்கு 500 முதல் 750 வரை படிகள் ஏறினர். வண்டி ஒன்றே, எனினும் நடத்துநரை இதய நோய் குறைவாகவே தாக்கிற்று, தாக்கியவழியும் வயது முதிர்ந்த பின்னரே பெரும்பாலும் தாக்கிற்று.

ஓட்டுநர் இயல்பாகவே பருத்தவராய் இருந்திருத்தல் கூடாதோ எனின், அவ்வையத்தை அவ்வறிஞரே எழுப்பினர். சீருடை அளவுகளை ஆராய்ந்து, இளம் ஓட்டுநர்க்கும் இடையளவு மிக்கிருந்ததை 1956-இல் ஒளியாது உரைத்தனர். ஆயினும், நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சற்காரரை, அமர்ந்து பணிபுரியும் அஞ்சல் எழுத்தரோடு ஒப்பிட்டபோதும் அவ்வேறுபாடே புலனாயிற்று. பிற்கால ஆராய்ச்சிகள் பலவும் இதனை வலியுறுத்தின.

இதற்குக் காரணம் என்னை? தசை இயங்குங்கால், குருதியிலுள்ள சர்க்கரையை இன்சுலினை எதிர்நோக்காமலும் ஈர்த்துக்கொள்ளும். பயின்ற இதயம் ஒரு துடிப்பில் மிகுந்த குருதியைச் செலுத்துதலின் ஓய்வில் மெல்லத் துடிக்கும். எலும்போ சுமை தாங்க உறுதி பெறும், தாங்காதொழியின் மெலியும். பெரியோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமாக இயங்குதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் அதன் கீழெல்லை நிரம்பும்.

எம் தந்தையார் இப்பொழுது மருத்துவர் குறித்த அளவில் வைகறைதோறும் நடக்கின்றார். முதன்முறை உடன் சென்றபோது, மேட்டில் எமக்கே மூச்சு வாங்கிற்று. அவர் நின்று எம்பொருட்டுக் காத்திருந்தார். அன்றடைந்த நாணத்தை யாம் மறந்திலோம். இப்பொழுது மாலைதோறும் சூத்திரங்களைத் திடலைச் சுற்றி நடந்தே உருப்போடுகின்றோம்.

நூல் பல கற்கப் புகுந்த நண்பர்காள்! இருக்கை நமக்கு இன்றியமையாததே. எனினும் அவ்வப்போது அதனைவிட்டு எழுமின். நாம் கற்றதைப் பிறர்க்கு உரைக்க நெடுநாள் வாழ்தலும் வேண்டுமன்றோ?